யாக்கோவின் கட்சியும் கயலின் படிவமும்

போன வாரம் கயல் கூப்பிட்டபோது நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கயல் என் மகள். கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் கிண்டர்கார்டன் டீச்சர். நான் இருப்பது டெக்சஸில், பிளானோவில். அவள் பள்ளி விட்டுக் காரில் ஏறும் நேரமும் என் வீட்டில் பெருங்காயம் எண்ணெயில் விழும் நேரமும் ஒன்று. எங்கள் பேச்சு முழுவதும் தாளிக்கிற வாசனையோடுதான் நடக்கிறது. அது அவள் வரைக்கும் போவதில்லை என்பது வேறு விஷயம்.

அவள் பேசுவது ஆங்கிலம், நான் பேசுவது தமிழ். வெகு காலமாக இப்படித்தான். இங்கே அவள் சொல்வதையெல்லாம் தமிழில்தான் எழுதப்போகிறேன். நிஜமாகவே அவள் தமிழில் பேசிய இடம் வரும்போது சொல்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள்.

புது வகுப்பில் சேரும் பிள்ளைகளின் படிவங்களை அன்று பார்த்தாளாம். அதில் ஒரு கேள்வி உண்டு: வீட்டில் குழந்தையோடு பேசும் மொழி எது? இந்தியப் பெயர் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேருக்கு "இங்கிலீஷ்" என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் தாத்தா பாட்டிகளோ தெலுங்கிலும் தமிழிலும்தான் பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்கள்.

"ஒரு பையன் என்கிட்ட வந்து 'மூச்சா'ங்கறான்மா. எனக்குப் புரிஞ்சதால தப்பிச்சான். வேற டீச்சரா இருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள். பிறகு கேட்டாள், இதை மட்டும் அவள் கேட்டபடியே எழுதுகிறேன்: "ஒய் டூ தே லை, மா?"

"ரசம் பொங்குதுடி, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். பொங்குவதற்கு அடுப்பில் ரசமே இல்லை, தாளிப்புக் கரண்டிதான் இருந்தது. அதுவும் கருகிவிட்டது.

எங்களைப் போல விசாவில் வந்தவர்கள் எல்லார் வீட்டிலும் ஒரு ஃபைல் இருக்கும். வீடு தீப்பிடித்தால் நகையை விட்டுவிட்டு அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட், விசா நீட்டித்த காகிதங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்த நகல்கள். சிட்டிசன்ஷிப் வாங்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, தூக்கிப் போட மட்டும் கை வரவில்லை. அந்த ஃபைலில் கயலின் முதல் பள்ளிப் படிவத்தின் நகலைத் தேடினேன். அதற்கு முன்னால் வேறொன்று கையில் வந்தது. நாலாக மடித்த ஒரு துண்டறிக்கை. நடுவில் மஞ்சளாக ஓர் எண்ணெய்க் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சை சாத வாசனை இன்னும் இருக்கிறது. என் கணவர் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "வெறும் பேப்பர் வாசனைதான் வருது" என்றார். அவருக்கு எப்போதும் சளி.

கறைக்குக் காரணம் நான். அறிக்கைக்குக் காரணம் யாக்கோ.

அப்போது நாங்கள் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு பழைய அபார்ட்மென்டில் இருந்தோம். காலையில் பாத் என்ற உள்ளூர் ரயிலில் ஏறி நியூபோர்ட்டில் இறங்கினால் ஆபீஸ். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் கான்ட்ராக்டர். அடுத்த மேசைக்காரன் யாக்கோ, அவனும் என்னைப் போல விசாவில் வந்த கான்ட்ராக்டர்தான். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தாடி. மதுரைப் பக்கம் சுவருக்கு மேலே தலையை நீட்டி அடுத்த வீட்டுப் பெண்ணை "யக்கோவ்" என்று கூப்பிடுவார்கள். நான் அந்தப் பக்கத்துக்காரி. இவ்வளவு பெரிய ஆளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் இரவல் சர்க்கரை கேட்கப்போவது போலவே இருக்கும். முதல் வாரம் முழுக்க "எக்ஸ்கியூஸ் மீ" என்றே ஓட்டினேன்.

"இட்டாலியனா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாஸ்போர்ட் இட்டாலியன்" என்றான்.

"அப்ப ஜெர்மனா?"

"ஸ்கூல்ல பாதி நேரம் ஜெர்மன்."

இது எனக்குப் பழகிய மாதிரியான பதில். கேன்டீனில் பார்க்கிற இந்தியர்கள் "ஹிந்தி தெரியாதா?" என்று கேட்கும்போது நான் சொல்லும் பதிலும் இப்படித்தான் வளைந்து வளைந்து போகும். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டில் என்ன பேசுவாய் என்று கேட்டிருந்தால் அன்றே விஷயம் தெரிந்திருக்கும்.

எங்கள் மாடிக்கு ஒரே ஒரு பிரின்டர். அதில் நாளுக்கு நாலு முறை பேப்பர் சிக்கும். எந்தக் கதவைத் திறந்து எந்தச் சக்கரத்தைத் திருப்பினால் விடும் என்பது எனக்குத்தான் தெரியும். என் கான்ட்ராக்டை இரண்டு தடவை நீட்டித்தது இந்தத் திறமைக்காகத்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஒருநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்படிச் சிக்கெடுத்தபோது ஒரு தாள் கையோடு வந்தது. புரியாத மொழி. தலைப்பில் மட்டும் கொட்டை எழுத்தில் ஒரு சொல், நான் அதை "லாடின்ஸ்" என்று படித்தேன்.

ஆற்றுக்கு அக்கரையில் விமானம் மோதி விழுந்த இரண்டு கட்டடங்கள் இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்த வருடங்கள் அவை. அதைச் செய்யவைத்தவனின் பெயர் டிவியில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரின் பின்பாதி இப்போது என் கையில், வங்கியின் பிரின்டரில், சூடாக. கிழித்துப் போட்டால் யாராவது ஒட்டிப் பார்ப்பார்கள். குப்பையில் போட்டால் கேமராவில் விழும். அப்படியே விட்டால் பிரின்டரைக் கடைசியாகத் தொட்டவள் நான். விசாவில் இருக்கிறவளின் மூளை வேறு எப்படி வேலை செய்யும்? தாளை மடித்து என் சாப்பாட்டுப் பைக்குள் செருகிவிட்டேன்.

யாக்கோ மூன்று தடவை பிரின்டர் பக்கம் போய் வந்தான். பிறகு என் மேசைக்கு வந்து, "ஒரு பேப்பர் பார்த்தியா? பர்சனல்" என்றான். முகம் வெளுத்திருந்தது. "எந்தப் பேப்பர்?" என்றேன் நான். என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

மத்தியானம் ஆற்றங்கரை பெஞ்சில் டப்பாவை எடுத்தபோது தாளும் கூடவே எட்டிப் பார்த்தது, எண்ணெய் குடித்துக்கொண்டு. எதிர் பெஞ்சில் யாக்கோ.

"நீதான் எடுத்தியா?"

"நீதான் அடிச்சியா?"

ஆபீஸ் பிரின்டரில் சொந்த வேலை பார்த்ததற்கு வேலை போய்விடும் என்று அவன் காலையிலிருந்து பயந்திருக்கிறான். நான் எதற்குப் பயந்தேன் என்று சொன்னதும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏர்போர்ட்டில் "நீ யார்" என்று கேட்டபோது பழக்க தோஷத்தில் தன் இனத்தின் பெயரைச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் ஒரு அறையில் உட்கார்ந்திருந்தானாம்.

நான் லாடின்ஸ் என்று படித்த அந்தச் சொல் லதீன், அவன் இனத்துக்கும் மொழிக்கும் அதுதான் பெயர். "லத்தீனா? சர்ச்ல பூசை வைப்பாங்களே, அதுவா?" என்றேன். "அதோட பேரப்பிள்ளைன்னு வெச்சுக்கோ" என்றான். அவன் ஆங்கிலத்தை நான் என் தமிழில் தருகிறேன், வேறு வழியில்லை. வட இத்தாலியில் மலைகளுக்கு நடுவே ஐந்து பள்ளத்தாக்குகள். அங்கேதான் அந்த மொழி. அந்த ஐந்தையும் மூன்று மாகாணங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இவனுடைய பள்ளத்தாக்கு, வல் பாதியா, இருக்கும் மாகாணத்தில் ஜெர்மன் பேசுகிறவர்கள் அதிகம். அடுத்து இத்தாலியன் பேசுகிறவர்கள். இவர்கள் ஓரத்தில் ஒரு பிடி. அந்த மாகாணத்தில் ஒவ்வொருவரும் தான் ஜெர்மன்காரரா, இத்தாலியரா, லதீனா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசாங்க வேலை முதற்கொண்டு பங்கு பிரிப்பார்கள்.

லதீன்களுக்கென்று ஒரு சின்னக் கட்சி இருந்தது. அறிக்கை அந்தக் கட்சியுடையது. இவனுக்கு கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் அறிக்கையை அழகுபடுத்தும் வேலை ஜெர்சி சிட்டி வரைக்கும் வந்திருக்கிறது. மாகாண சபையில் அந்தக் கட்சிக்கு ஒரே ஒரு இடம். அந்த வருட இலையுதிர்காலத் தேர்தலில் அந்த இடத்துக்கு நிற்கப்போவது யாக்கோவின் அக்கா மரியா.

"ஒரே ஒரு இடமா?" என்றேன். "எங்க ஊர்ல ஒரு இடம்னா கட்சி ஆபீஸ்ல கிடக்கிற நாற்காலியைத்தான் சொல்லுவாங்க." கட்அவுட்டும் ஒலிபெருக்கியும் பார்த்து வளர்ந்தவள் பேச்சு. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் கட்சிக் கூட்டம் அவன் மாமாவின் விடுதியில் சாப்பாட்டு அறைக்குப் பின்னால் நடக்குமாம். கூட்டம் அதிகமானால் சமையலறையிலிருந்து ஸ்டூல் கொண்டுவருவார்களாம். ஊரில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மன் பேசுகிறவர்களின் பெரிய கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், அவர்களிடம் கேட்டால்தான் ரோடு வரும் என்று. இது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அறிக்கையின் முதல் சொல் "நோஸ்". அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"வி" என்றான், ஆங்கிலத்தில்.

"எந்த வி?"

அவனுக்குப் புரியவில்லை. தமிழில் இரண்டு இருக்கிறது என்றேன். "நான் உன்கிட்ட 'நாம சாப்பிடலாம்'னு சொன்னா உனக்கும் சோறு உண்டு. 'நாங்க சாப்பிடப்போறோம்'னு சொன்னா நீ பார்த்துட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

யாக்கோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். நாமா, நாங்கா, நாமா, நாங்கா என்று தாடிக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "அப்ப இந்த அறிக்கைல எது?" என்றான். யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். எல்லாரும்தான், எங்கள் ஆட்களும் மற்றவர்களும் என்றான். "அப்ப சிக்கல்தான்" என்றேன். பேனாவை நீட்டி, அந்த நோஸுக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னான், கறை பட்ட தாளை நீயே வைத்துக்கொள் என்றான். எழுதினேன். பிளானோவில் என் கையிலிருந்த தாளில் அது இன்னும் இருக்கிறது, மஞ்சள் கறைக்கு ஓரமாக, என் கையெழுத்தில்: நாம?

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம். ஒரு சனிக்கிழமை கயலோடு ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது எதிரே வந்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை. குனிந்து, தன் புதுத் தமிழை அவளிடம் அவிழ்த்துவிட்டான்: "நாங்கா ஐஸ்கிரீம்?"

கயல் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாங்க இல்ல அங்கிள், நாம. நாங்கன்னா உனக்குக் கிடையாது" என்றாள்.

இதை அவன் ஆபீஸில் யார் யாரிடமோ சொல்லிச் சிரித்தான். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வசந்தத்தில்தான் படிவம் வந்தது. கயலைக் கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். எங்கள் அபார்ட்மென்டில் சாந்தி ஆன்ட்டி என்று ஒருவர் இருந்தார். மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர், அதனால் எங்களுக்கெல்லாம் அவர் சொன்னதுதான் சட்டம். "மறந்துகூட தமிழ்னு எழுதிடாதம்மா. டெஸ்ட் வெப்பாங்க. தனி கிளாஸ்ல கொண்டு போய் உட்கார வெச்சிடுவாங்க. என் பெரியவன் அதுல மாட்டி ரெண்டு வருஷம் வீணாப் போச்சு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள்.

நான் மத்தியான இடைவேளையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். பக்கத்தில் யாக்கோ. அன்று அவன் கொண்டுவந்திருந்தது அவன் ஊர்ப் பலகாரம், உள்ளே கீரை வைத்துப் பொரித்தது. எங்கள் ஊரில் பிறந்திருந்தால் அதைக் கீரை போளி என்றிருப்போம். கடித்துக்கொண்டே என் படிவத்தை எட்டிப் பார்த்தான்.

"நீ அவகிட்ட இங்கிலீஷா பேசற?"

சாந்தி ஆன்ட்டி சொன்னதைச் சொன்னேன். அவன் பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இந்த மாதிரி ஒரு வரியில லதீன்னு எழுதுங்கன்னு கேட்டுத்தான் எங்க அக்கா வீடு வீடா ஏறி இறங்கறா."

"உங்க அக்கா அவ ஊர்ல இருந்துக்கிட்டுக் கேக்கறா" என்றேன். "நான் விசாவில இருக்கேன். அப்புறம், எங்க ஆளுங்க கோடிக்கணக்கில இருக்காங்க. நான் ஒருத்தி எழுதலைன்னா தமிழ் ஒண்ணும் செத்துடாது."

"கோடிக்கணக்கிலயா?" என்றான். நம்பாதவன் மாதிரி இல்லை, ஆச்சரியமாக. "அத்தனை பேர் இருந்தும் பயமா இருக்குமா?"

அவன் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அவன் அத்தை தபால் ஆபீஸ் வேலைக்காக அந்தத் தாளில் "ஜெர்மன்" என்று எழுதிக் கொடுத்ததையும், கடைசிவரைக்கும் அவள் பொட்டலம் கட்டும்போது லதீனிலேயே எண்ணிக்கொண்டிருந்ததையும் சொன்னான். பயந்தவர்களை அவனுக்குத் தெரியும். நான் "இங்கிலீஷ்" என்று எழுதியதை அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு மடித்துவைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படிவம் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. முதல் நாள் டீச்சர் ஏதோ கேட்டு, கயல் "ம்? என்ன?" என்று நின்றால்? பொய் எழுதிக் கொடுத்தவள் என்று வந்துவிடுமே. அந்தக் கோடை முழுக்க என் கணவரும் நானும் வீட்டில் அவளோடு ஆங்கிலம் பேசினோம். சாதம் பிசையும்போது ஆங்கிலம், தலை வாரும்போது ஆங்கிலம். "வாஷ் யுவர் கால்" என்று என் கணவர் சொன்னது எங்கள் வீட்டு வேடிக்கையாக ரொம்ப நாள் இருந்தது. கயல் ஆரம்பத்தில் தமிழில் பதில் சொல்லிப் பார்த்தாள். "ஏம்மா இப்படிப் பேசற?" என்று ஒருமுறை அழுதாள். செப்டம்பருக்குள் நிறுத்திவிட்டாள். எழுதியது உண்மையாகிவிட்டது.

தேர்தல் வந்தபோது யாக்கோ ஓட்டுப் போட ஊருக்குப் போனான். ஒரே ஒரு ஓட்டுக்காக அட்லாண்டிக்கைத் தாண்டுகிறாயா என்று மேனேஜர் கேட்டார். அந்த வாரக் கடைசியில் ஒரு புரோகிராமை மாற்றும் வேலை இருந்தது. அவன் பங்கையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால்தான் விட்டார். இதை நான் செய்த தியாகமாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். படிவத்துக்குப் பரிகாரம் தேடினேன் என்பதுதான் சரி.

திரும்பி வந்த அன்று அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த ஒரு இடமும் போய்விட்டது. மரியா இத்தனை வீடு ஏறியும் லதீன்காரர்களே பெரிய கட்சிக்குத்தான் போட்டிருக்கிறார்கள். காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆங்கிலத்துக்கு நடுவில் என்னுடைய இரண்டு சொற்களையும் சரியாகவே உச்சரித்துச் சொன்னான்:

"அக்கா ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு 'நோஸ், நோஸ்'னு சொன்னா. அவ சொன்னது நாம. அவங்க காதுல அது நாங்கன்னு விழுந்திருக்கு. அந்தக் கட்சிக்காரங்களோட நாங்க."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவன் கான்ட்ராக்ட் அந்தக் குளிர்காலத்தோடு முடிந்தது. ஊருக்குப் போய் மாமாவின் விடுதியைப் பார்த்துக்கொள்வதாக எழுதினான். சில வருடங்கள் கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது, "ஜுலான்" என்று முடியும். அவர்கள் மொழியில் நன்றி. கட்சி வேறு சிலரோடு சேர்ந்து நின்றது என்று ஒரு கடிதத்தில் இருந்தது. பிறகு நாங்கள் டெக்சஸுக்கு வந்தோம், விலாசம் மாறியது, யார் முதலில் எழுதாமல் விட்டோம் என்று தெரியவில்லை. நானாகத்தான் இருக்கும். ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது யாரோ குடியிருக்கிறார்களாம். சாந்தி ஆன்ட்டி ஊரோடு போய்விட்டார். படிவத்தின் நகல் ஃபைலில் கடைசிவரை கிடைக்கவே இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவைத்தவள், அதை மட்டும் எடுத்துவைக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் கயல் காரில் ஏறும் நேரத்துக்கு நானே கூப்பிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான்.

"கயல், நேத்து கேட்டியே, ஏன் பொய் எழுதறாங்கன்னு. உனக்கும் நான் இங்கிலீஷ்னுதான் எழுதினேன்."

அந்தப் பக்கம் காரின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பிரின்டர், யாக்கோ, டெஸ்ட் வைப்பார்கள் என்ற பயம், அந்தக் கோடை, அவள் அழுதது. அவளுக்கு எதுவும் நினைவில்லை. ஐஸ்கிரீம் மட்டும் கொஞ்சம் நினைவிருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தாடி வைத்த மாமாவைத் திருத்தியது நினைவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டி" என்றேன்.

காரை எங்கேயோ ஓரமாக நிறுத்தினாள் என்று நினைக்கிறேன், டிக் டிக் சத்தம் நின்றது. அப்போதுதான் தமிழில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்பதற்காகவே.

"பரவால்லம்மா. நீ மட்டும் இல்ல. நாங்க அப்போ பயந்துட்டோம்."

"ஆமாடி" என்றேன். "நாம பயந்துட்டோம்." அந்த "நாம"வைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

"யா" என்றாள் கயல், அவ்வளவு பிரியமாக. "நாங்க பயந்துட்டோம்."

அந்த "நாங்க"வில் நான் இல்லை என்று அவளுக்குத் தெரியாது.